திருடனுக்கு ஒரு கடிதம்

மூன்று வாரங்களுக்கு முன்னர் என் பழைய நண்பர் ஒருவரிடமிருந்து நீண்ட மின்னஞ்சல் ஒன்று வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். அவருடைய மகளும் மருமகனும் தமது திருச்சபையின் சார்பில் கிழக்கு ஆபிரிக்க நாடொன்றில் கிராமத்து வைத்தியசாலையொன்றில் பணியாற்றுகின்றனர். மருமகன் வைத்தியர், மகள் தாதி. இரண்டு சிறு பிள்ளைகள் உண்டு.

அவர்களுடைய வீட்டில் மூன்றாவது தடவையாகத் திருட்டு நடந்திருக்கின்றது. முதல் தடவை கொடியில் உலர்ந்துகொண்டிருந்த உடுப்புகள் போயின. இரண்டாவது தடவை சமையலறைச் சாமான்கள் போயின. இந்தத் தடவை குடும்பம் முழுவதும் ஞாயிறு ஆராதனைக்குச் சென்றிருந்த வேளை யன்னல் கம்பியை வளைத்து உள்ளே புகுந்திருக்கின்றார்கள். மடிக்கணினி, கொஞ்சப் பணம், மகளின் தாலிக்கொடி, பிள்ளைகளின் பாடசாலைப் பைகள் எல்லாம் போய்விட்டன. கணினியில் இரு பிள்ளைகளும் பிறந்த நாள் முதல் எடுத்த புகைப்படங்கள் இருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை.

பொலிஸ் நிலையத்தில், “உங்கள் காவலாளிமீது சந்தேகம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். இரவுக்குள் உண்மையை வரவழைத்துத் தருகின்றோம்” என்று சொல்லியிருக்கின்றார்கள். அந்த வசனத்தின் பொருள் எங்கள் நாட்டவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதொன்றல்ல. மருமகன் எழுதிக் கொடுக்கவில்லை. களவு போன பொருட்களின் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

நண்பர் கோபத்தோடும் கவலையோடும் எழுதியிருந்தார். “இது கிறிஸ்தவமா, பைத்தியக்காரத்தனமா? நீர் பத்திரிகைக்காரன். நாலு விஷயம் வாசித்தவர். உமது கருத்தை ஒளிக்காமல் எழுதும்.”

நான் கிறிஸ்தவன் அல்லன். வேதாகமத்தை எடுத்து விளக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் இந்தக் கேள்வி புதியதன்று. பிறநாட்டில் பணிசெய்யப் போன மிஷனரிக் குடும்பங்கள் ஏறத்தாழ எல்லாவற்றின் முன்னாலும் இது ஏதோவொரு வடிவத்தில் வந்து நின்றிருக்கின்றது. சில வேளைகளில் உயிர்ப் பிரச்சினையாகவே வந்திருக்கின்றது. டேவிட் லிவிங்ஸ்டனின் மருந்துப் பெட்டியை 1867 ஜனவரியில், அவருடைய பயணக் குழுவிலிருந்து ஓடிப்போனவர்கள் எடுத்துச் சென்றுவிட்டனர். காய்ச்சல் மலிந்த நாட்டில் மருந்தில்லாமல் நின்ற அவர், மரண தண்டனைத் தீர்ப்பைக் கேட்டது போன்ற உணர்வைத் தமது குறிப்பேட்டில் பதிந்தார். களவு என்பதைப் பொருள் இழப்பு என்று மட்டும் நினைப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் நண்பருக்குப் பதிலளிக்க முயன்றபோது என் நினைவுக்கு முதலில் வந்தவர் ஹட்சன் டெய்லர். சீனாவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்புகொண்டிருந்த ஆங்கிலேய மிஷனரி அவர். தம் வாழ்வில் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு அளவுகளில், இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர். அந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஏதோவொரு விடை தென்படுகின்றது.

முதலாவது, 1856 ஆம் ஆண்டு. டெய்லருக்கு அப்போது வயது 24. ஷங்காயில் வந்திறங்கி இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்தன. அவரை அனுப்பிய சங்கம் கடனில் மூழ்கியிருந்தது. ஷங்காயில் வைத்திருந்த மருந்துகள் தீ விபத்தில் அழிந்துபோக, வேறு மருந்துகள் பெறுவதற்காக நிங்போ நகரை நோக்கிக் கால்வாய் வழியே புறப்பட்டார். பொதிகளோடு முன்னால் அனுப்பப்பட்ட வேலையாள் திரும்பி வரவேயில்லை. பயணப் படுக்கை முதல் உடைகள், நூல்கள், கடதாசிகள் வரை அந்த இளைஞனிடம் இருந்தவற்றுள் பெரும்பகுதி ஒரே நாளில் மறைந்தது.

வெயிலில் தேடித் தேடிக் கால் புண்ணாகி, தங்குவதற்கு இடமில்லாமல் ஓர் இரவு கோயிலொன்றின் படிக்கட்டில் படுத்தார். கையில் எஞ்சியிருந்த சொற்பக் காசைத் தலைக்கு அணையாக வைத்துக்கொண்டார். இருட்டில் சிலர் ஓசைப்படாமல் அருகில் வந்து தடவிப் பார்த்தனர். தூங்கிவிட்டால் அதுவும் போய்விடும் என்று பயந்து, விடியும்வரை உரத்த குரலில் பாட்டுப் பாடிக்கொண்டும் வேத வசனங்களைச் சொல்லிக்கொண்டும் விழித்திருந்தார். பக்கத்தில் காத்திருந்தவர்களுக்கு அது பெரும் தொல்லையாக இருந்தது என்று அவரே பின்னர் நகைச்சுவையோடு எழுதியிருக்கின்றார்.

ஷங்காய் திரும்பிய பின்னர் அவர் செய்த காரியந்தான் முக்கியமானது. வேலையாள் திட்டமிட்டே பொதிகளோடு ஓடியிருக்கின்றான் என்பது விசாரித்ததில் தெளிவாகிவிட்டது. ‘யாமென்’ என்றழைக்கப்பட்ட சீன நீதவான் அலுவலகத்தில் முறையிட்டிருக்கலாம். ஆனால் யாமென் என்றால் என்ன என்பது அங்கு வாழ்ந்த எல்லோருக்கும் தெரியும். மூங்கில் பிரம்பு, கழுத்துப் பலகை, ஒப்புதல் வாக்குமூலம் வரும்வரை அடி. வெள்ளைக்காரர் ஒருவர் முறையிட்டால் அதன் வேகம் எப்படியிருந்திருக்கும் என்பதையும் ஊகிக்கலாம்.

டெய்லர் முறையிடவில்லை. மாறாக, அந்த வேலையாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் சாரத்தை அவரே தமது நினைவுக் குறிப்புகளில் தந்திருக்கின்றார். நீ செய்ததை நாங்கள் அறிவோம். அதனால் உனக்கு என்ன நேரக்கூடும் என்பதையும் அறிவோம். முதலில் யாமெனுக்குப் போக நினைத்தேன், ஆனால் தீமைக்கு நன்மை செய்யும்படி எனக்குக் கட்டளை இருப்பதால் உன் தலைமயிர் ஒன்றுக்கும் தீங்கு வருவதை விரும்பவில்லை. உண்மையில் இழந்தவன் நான் அல்ல, நீயே. இவ்வாறு எழுதிவிட்டு, கடைசியில் மிகவும் நடைமுறை சார்ந்த வேண்டுகோள் ஒன்றையும் சேர்த்திருக்கின்றார். உனக்குப் பயன்படக்கூடிய பொருட்களை நீ திருப்பித் தரப்போவதில்லை; ஆனால் அந்நிய மொழிப் புத்தகங்களும் கடதாசிகளும் உனக்கு எதற்கும் உதவா, எனக்கு அவை பெறுமதியானவை, அவற்றையாவது அனுப்பி வை.

இந்தக் கடைசி வேண்டுகோளை நான் மிகவும் மதிக்கின்றேன். மன்னிப்புக் கடிதங்கள் பல வானத்தில் மிதப்பவை. இது தரையில் நிற்கின்றது. குற்றத்தைக் குற்றம் என்று பெயர் சொல்கின்றது, பழிவாங்க மறுக்கின்றது, தனக்குச் சேரவேண்டியதைக் கேட்கவும் செய்கின்றது. திருடனை விலங்காகவும் நோக்கவில்லை, குழந்தையாகவும் நோக்கவில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்ட மனிதனாக நோக்குகின்றது.

விக்டர் ஹியூகோவின் புகழ்பெற்ற நாவலில் ஆயர் ஒருவர் வெள்ளிப் பாத்திரம் திருடியவனைப் பொலிஸாரிடமிருந்து காப்பாற்றும் கட்டம் உலகம் முழுவதும் பேசப்படுவது. அந்த நாவல் வெளிவந்தது 1862 இல். டெய்லர் தம் கடிதத்தை எழுதியது அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர். கதையில் வரும் ஆயர் பொருளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகின்றார். வாழ்க்கையில் வந்த இளைஞனோ, கடதாசிகளைத் திருப்பித் தா என்கின்றான். இருவருள் எனக்கு நெருக்கமானவன் இரண்டாமவன்.

இச்செய்தி இங்கிலாந்தை எட்டியபோது, பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்களை நடத்திவந்த ஜோர்ஜ் முல்லர் அதனை அறிந்து பண உதவி அனுப்பினார். அதன்பின் நெடுங்காலம் டெய்லரின் பணிக்குக் கைகொடுத்தார். பக்தி நூல்களில் இந்தக் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் நிறைவாக முடிந்துவிடும். மன்னித்தவனுக்கு இழந்தது கிடைத்தது. ஆகவே நீங்களும் மன்னியுங்கள் என்று.

எனக்கு அந்த முடிவு போதுமானதாகத் தோன்றவில்லை. பணம் வராமல் இருந்திருந்தால் டெய்லர் செய்தது பிழையாகியிருக்குமா? இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அவருக்கு உதவ இங்கிலாந்தில் ஒரு முல்லர் இருந்தார். அந்த வேலையாளுக்கு யாரும் இருக்கவில்லை. மன்னிக்கும் வசதி எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை.

அதற்கும் மேலாக, ஷங்காயும் நிங்போவும் வெள்ளையருக்குத் திறந்த கதையை மறந்துவிடலாகாது. 1842 ஆம் ஆண்டின் நாங்கிங் உடன்படிக்கை, முதலாவது அபின் யுத்தத்தில் தோற்ற சீனாவின்மீது திணிக்கப்பட்டது. ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. இவ்விரு நகரங்களும் அவற்றுள் அடங்கும். ஹொங்கொங் பறிபோனது. சீன அரசு கைப்பற்றி அழித்த அபினுக்காக மாத்திரம் 60 இலட்சம் டொலர் நட்டஈடு அறவிடப்பட்டது. ஒரு நாட்டையே நஞ்சூட்டிய சரக்குக்கு, அதனை அழித்தவனிடமிருந்தே விலை வாங்கினார்கள். டெய்லர் அபின் வர்த்தகத்தைக் கடுமையாக எதிர்த்தவர் என்பது உண்மை. ஆயினும் அவர் கால்வைத்த மண் அந்தக் கொள்ளையினால் திறக்கப்பட்ட மண். பொதியைத் தூக்கிக்கொண்டு ஓடிய வேலையாளைத் திருடன் என்று சொல்லும்போது, பக்கத்தில் நின்ற பெரிய திருடனையும் காட்டாமல் விடுவது பத்திரிகையாளனுக்கு அழகன்று.

இரண்டாவது சம்பவம் 1868 இல் நிகழ்ந்தது. டெய்லர் இப்போது குடும்பஸ்தர். மலாக்காவில் பிறந்து, இளவயதிலேயே பெற்றோரை இழந்து, நிங்போவில் ஆசிரியையாக இருந்த மரியா டையரை 1858 இல் மணந்திருந்தார். 1865 இல் சீன உள்நாட்டு மிஷன் என்னும் அமைப்பை ஆரம்பித்தார். 1867 இல் மூத்த மகள் கிரேசைச் சீன மண்ணிலேயே அடக்கம் செய்தார். அடுத்த ஆண்டு கோடைகாலத்தில் நான்கு பிள்ளைகளோடும் சக ஊழியர்களோடும் யாங்சோ நகரில் குடியேறினார்.

நகரில் வதந்திகள் பரவின. இந்த அந்நியர்கள் பிள்ளைகளைப் பிடித்துக் கண்ணையும் இருதயத்தையும் எடுத்து மருந்து செய்கின்றார்கள் என்பது அவற்றுள் ஒன்று. ஆகஸ்ட் 22 ஆம் திகதி மாலை ஆயிரக்கணக்கானோர் வீட்டைச் சூழ்ந்துகொண்டனர். டெய்லர் ஒரு துணையோடு யாமெனுக்கு ஓடினார். அவர் அங்கு காத்திருந்த நேரத்தில் கூட்டம் மதிலை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. பெட்டிகள் உடைக்கப்பட்டுப் பொருட்கள் சூறையாடப்பட்டன. கீழ்த்தளத்தில் தீ வைக்கப்பட்டது. பிள்ளைகளை மேல்தளத்திலிருந்து எப்படியோ கீழே இறக்கினார்கள். ஆறு மாதக் கர்ப்பிணியான மரியா மாடி யன்னலிலிருந்து குதித்ததில் காலில் காயமடைந்தார். ரீட் என்ற ஊழியரின் கண்ணில் கல் பட்டது. எவரும் உயிரிழக்கவில்லை என்பதுதான் அதிசயம்.

இந்தத் தடவை விடயம் கடிதத்தோடு முடியவில்லை. நடந்ததை டெய்லர் பிரித்தானிய அதிகாரிகளுக்கு அறிவித்தார். ஷங்காயிலிருந்த பிரித்தானியத் தூதரதிகாரி மெட்ஹர்ஸ்ட் போர்க்கப்பலோடு யாங்சி ஆற்றில் ஏறிச் சென்று, நாங்கிங்கில் இருந்த ஆளுநர் செங் குவோபானை நெருக்கினார். முதல் முயற்சி பயனளிக்காதபோது கூடுதலான கப்பல்களோடு மீண்டும் சென்றார். நட்டஈடு கிடைத்தது. அரச பிரகடனம் ஒட்டப்பட்டது. நவம்பர் மாதத்தில் டெய்லர் குடும்பம் அதே வீட்டுக்குத் திரும்பியது.

போர்க்கப்பலை அனுப்புங்கள் என்று டெய்லர் கேட்கவில்லை என அவருடைய வாழ்க்கை வரலாற்றாளர்கள் வலியுறுத்துவர். அதனை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்நிய வல்லரசின் பிரஜையாக இருப்பவர் முறைப்பாடு செய்தால், அவர் கேளாமலே பின்னால் பீரங்கி வந்து நிற்கும். இலண்டனில் இது பெரும் சர்ச்சையாயிற்று. 1869 மார்ச்சில் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் சமர்செட் பிரபு எழுந்து, சீனாவின் உட்பகுதிக்கு மிஷனரிகளை அனுப்ப நமக்கு என்ன உரிமை இருக்கின்றது என்று கேட்டார். பத்திரிகைகளும் மிஷனரிகளைச் சாடின. சமாதானத்தைப் போதிக்கப் போனவர்கள் போர் மூட்டுகின்றார்கள் என்ற பழி டெய்லர்மீது விழுந்தது. அன்றைய பத்திரிகைகள் எழுதியவற்றுள் அநியாயமும் இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானதே.

மரியாவை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகின்றேன். இவ்வகைக் கதைகளில் ஆண்களின் கடிதங்களும் தீர்மானங்களுமே பேசப்படும். வீடு சூறையாடப்பட்டால் மறுநாள் காலையில் பிள்ளைக்கு எதை உடுத்துவது, எந்தப் பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சுவது என்ற கவலை யாருடையது? கர்ப்பிணியாகக் காயம்பட்ட காலோடு ஓடியவர், மூன்று மாதங்களில் அதே யாங்சோ வீட்டுக்குத் திரும்பினார். அங்கு திரும்பிய சில நாட்களில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக வாழவில்லை. 1870 ஜூலையில், 33 வயதில் காலமானார். கலவரம் நடந்த ஊரைவிட்டு விலகிப் போகாமல் அதே தெருவில் மீண்டும் கதவைத் திறந்து வைத்தாரே, அதற்கு ஈடாக எந்தப் பிரசங்கத்தைச் சொல்வது?

மூன்றாவது, 1900 ஆம் ஆண்டு. பொக்சர் கிளர்ச்சி வடசீனாவை உலுக்கியது. டெய்லரின் மிஷனைச் சேர்ந்த 58 பெரியவர்களும் 21 பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். வேறெந்த மிஷனும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. நூற்றுக்கணக்கில் அன்று, ஆயிரக்கணக்கில் சீனக் கிறிஸ்தவர்கள் மாண்டனர். வெளிநாட்டுப் படைகள் பீஜிங்கைக் கைப்பற்றின. மறு ஆண்டு செப்டெம்பரில் கைச்சாத்தான உடன்படிக்கை, 450 மில்லியன் டெயில் வெள்ளியை 39 ஆண்டுகளில் வட்டியோடு செலுத்தும்படி சீனாவைப் பணித்தது. அந்நாட்டின் தலைக்கு ஒரு டெயில் என்ற கணக்கு. கிளர்ச்சியில் கலந்துகொள்ளாத விவசாயியும் அவனுடைய பேரனும்கூடக் கட்டவேண்டிய கடன் அது.

டெய்லர் அப்போது நோயாளியாகச் சுவிட்சர்லாந்தில் இருந்தார். அவருடைய மிஷன் ஒரு முடிவெடுத்தது. உயிருக்கும் சரி, சொத்துக்கும் சரி, நட்டஈடு கேட்பதில்லை, தந்தாலும் வாங்குவதில்லை. அதிகமானோர் கொல்லப்பட்ட ஷான்சி மாகாணத்தின் புதிய ஆளுநர் இதனைப் பாராட்டிப் பிரகடனம் வெளியிட்டார். அதே மாகாணத்தில் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த திமோத்தி ரிச்சர்ட் வேறொரு வழியைக் காட்டினார். கொல்லப்பட்டவர்களின் உயிருக்கு விலை வாங்க வேண்டாம்; மாகாணம் செலுத்தும் பணத்தில் அந்த மாகாணத்துப் பிள்ளைகளுக்கே ஒரு பல்கலைக்கழகம் அமையட்டும் என்றார். 1902 இல் ஆரம்பமான ஷான்சி பல்கலைக்கழகம் இன்றும் இயங்குகின்றது.

எல்லோரும் அப்படி நடந்துகொள்ளவில்லை. அமெரிக்க மிஷனரியான வில்லியம் அமென்ட், பீஜிங்கைச் சூழ்ந்த கிராமங்களுக்குச் சென்று, கொல்லப்பட்ட சீனக் கிறிஸ்தவர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு டெயில் என்று கணக்கிட்டு அறவிட்டார். அதற்கு மேல் தண்டப்பணமும் வாங்கினார். மார்க் ட்வைன் 1901 பெப்ரவரியில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதனை எள்ளி நகையாடினார். தண்டப்பணம் இழப்பின் 13 மடங்கு என்று பத்திரிகைச் செய்தி கூறியிருந்தது. அது தந்திச் செய்தியில் நேர்ந்த பிழை. உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான் என்று பின்னர் தெரியவந்தது. ட்வைன் தயங்கவில்லை. அளவு எதுவாயினும், குற்றம் செய்யாத கிராமத்தவனிடம் வாங்கியது வாங்கியதுதானே என்பது அவருடைய வாதத்தின் சாரம். பத்திரிகைத்துறையில் இருப்பவர்களுக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. எண்ணை இருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது ஒன்று. எண் பிழைத்தாலும் நியாயம் பிழைக்காதவாறு எழுத வேண்டும் என்பது மற்றையது.

அமென்டை அனுப்பிய சங்கம் எங்களுக்கு அந்நியமானதன்று. 1816 இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கியவர்களை அனுப்பியதும் அதே அமெரிக்க சங்கந்தான். வட்டுக்கோட்டை செமினரியும், உடுவில் மகளிர் கல்லூரியும், மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழில் நடத்திய மருத்துவக் கல்வியும் அந்த வழியில் வந்தவை. ஒரே சங்கம் ஓரிடத்தில் பாடசாலை கட்டியது, வேறோரிடத்தில் அதன் ஊழியர் தண்டப்பணம் வசூலித்தார். ஆகவே மிஷனரிகள் எல்லோரும் நல்லவர் என்றோ எல்லோரும் கொள்ளையர் என்றோ ஒரே வரியில் எழுதிவிட முடியாது. களவு கொடுத்த மனிதன் அடுத்த நாள் என்ன செய்கின்றான் என்பதைக் கொண்டே அவனை எடைபோட வேண்டியிருக்கின்றது.

டெய்லரின் மூன்று சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. தனி மனிதனாக இருந்தபோது அவருக்குத் தெளிவாகத் தெரிந்த வழி, குடும்பமும் நிறுவனமும் அரசும் குறுக்கே வந்தபோது மங்கியது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, இழப்பு மிகக் கொடியதாக இருந்த வேளையில் மீண்டும் தெளிந்தது. யாங்சோவில் பட்ட சூடுதான் 1900 இன் தீர்மானத்துக்குக் காரணம் என்று நான் நம்புகின்றேன். நட்டஈட்டின் பின்னால் கப்பல் வரும். கப்பலின் பின்னால் வெறுப்பு வரும்.

இதற்கு எதிரான வாதம் வலுவற்றதன்று. மன்னிக்கப்பட்ட திருடன் அடுத்த வீட்டுக்குப் போவான். அந்த வீட்டுக்காரருக்கு உதவி அனுப்ப யாரும் இருக்கமாட்டார்கள். வெளிநாட்டவர் பெருந்தன்மையாக விட்டுவிடும் களவு, உள்ளூர் விதவையின் ஒரே ஆட்டுக்குட்டியில் போய் முடியலாம். ஆகவே முறைப்பாடே செய்யக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். களவு நடந்தது என்று பதிவது ஊருக்குச் செய்யும் கடமை. ஆனால் நிரூபணம் இல்லாமல் ஓர் ஏழையின் பெயரை எழுதிக் கொடுப்பது வேறு. அடி விழும் என்று தெரிந்துகொண்டே எழுதிக் கொடுப்பது, அடிப்பதற்குச் சமம்.

மௌனத்தையும் நான் மன்னிப்பாக ஏற்பதில்லை. இதனை அனுபவத்தில் அறிந்தவன் நான். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வெளியேறியபோது நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பூட்டு இருக்கவில்லை. பூட்டுவதற்குக் கதவும் இருக்கவில்லை. யன்னல், அலுமாரி, ஓடு, கிணற்றுக் கப்பி எல்லாம் போயிருந்தன. சில மாதங்கள் கழித்து, இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த ஒரு வீட்டில் எங்கள் கதவைக் கண்டேன். என் தகப்பனார் வேம்பில் செய்வித்த கதவு. உட்பக்கத்தில் நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது உயரம் அளந்து கீறிய கோடுகள் அப்படியே இருந்தன.

அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். அவருடைய சொந்த வீடு குண்டில் சிதைந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ‘பாவம், அவரும் இழந்தவர்தானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெருந்தன்மை என்று நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து அவர் என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிவிடுவார். நானும் அந்த ஒழுங்கையால் போவதைத் தவிர்த்தேன். அவர் காலமானபோது செத்தவீட்டுக்கும் போகவில்லை. கதவை இழந்தது மட்டுமன்றி ஓர் அயலவரையும் இழந்தேன். ஒரு நாள் உள்ளே போய், “அண்ணை, இது எங்கடை கதவு. உங்களிட்டையே இருக்கட்டும். அந்தக் கோடுகளை மட்டும் அழிச்சுப் போடாதேங்கோ” என்று சொல்லியிருந்தால் இருவரும் நிமிர்ந்து நடந்திருப்போம். அந்த இரண்டு வசனந்தான் டெய்லரின் கடிதத்தில் இருந்தது. எனக்கு அது வரவில்லை.

நண்பருக்கு நான் அனுப்பிய பதிலை இங்கு சுருக்கமாகத் தருகின்றேன்.

“உம்முடைய மருமகன் பைத்தியக்காரன் அல்லர். பொலிஸாருக்குப் பட்டியல் கொடுத்தது சரி. பெயர் கொடுக்காதது அதைவிடச் சரி. ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம் என்று சொல்லும். காவலாளியோடு முகம் பார்த்துப் பேசட்டும். சந்தேகம் இருந்தால் மனதில் வைத்துப் புழுங்காமல் கேட்கட்டும். இல்லாவிட்டால் இல்லை என்று அவருக்குத் தெரியும்படி சொல்லட்டும். ஊர்ப் பெரியவர்களிடம் போய், கணினி வேண்டாம், அதிலிருக்கும் பிள்ளைகளின் படங்களை மட்டும் எப்படியாவது திருப்பித் தாருங்கள் என்று பகிரங்கமாகக் கேட்கட்டும். மகளின் தாலிக்கொடிக்காக நீர் கவலைப்படுவதை அவர்களிடம் மறைக்க வேண்டாம். நல்லதொரு கம்பி யன்னலும் போடச் சொல்லும். மன்னிப்பதற்காக வீட்டைத் திறந்து போடவேண்டும் என்று எந்தச் சமயமும் சொன்னதாக நான் அறியவில்லை.”

மூன்று நாட்களின் பின்னர் பதில் வந்தது. கணினி கிடைக்கவில்லை. தாலிக்கொடியும் கிடைக்கவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசிய மறுநாள் காலையில், பாடசாலைப் பைகள் இரண்டும் வைத்தியசாலை மதிலோரம் கிடந்தனவாம். உள்ளேயிருந்த கொப்பிகள் அப்படியே இருந்தன. வண்ணப் பென்சில்களை மட்டும் காணவில்லை. காவலாளி இப்போதும் வேலையில் இருக்கின்றார். யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

“எந்த வீட்டிலோ ஒரு பிள்ளை படம் கீறுது போல” என்று மகள் தொலைபேசியில் சொன்னாளாம். நண்பர் அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.